மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்

1999 தை மாதம், ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி. கெடாரிலிருந்து விழுப்புரம் போகிற வழியில் பெரியப்பாவின் அம்பாசிடர் கியர் சிக்கி நின்றுவிட்டது. பெண்ணழைப்புக்குச் சீர்த்தட்டுகளோடு போன வண்டி. உள்ளே பெண்ணின் தாய்மாமன், அவர் குடும்பம், மடியில் உட்கார்ந்த பிள்ளைகள் என்று மொத்தம் பதினோரு பேர். அதில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பத்து வயது.

ஒரு வேகத்தடைக்கு முன்னால் டிரைவர் அண்ணன் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினார். லீவர் பாதி வழியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி அணைந்துபோனது.

"ஒரு நிமிசம்ணே. பானெட்ட தொறந்து கையால எடுத்து விட்டுர்றேன்" என்று அண்ணன் இறங்கினார். முன் சீட்டில் இருந்த பெரியப்பாவுக்குத் தாய்மாமன் எதிரில் மானம் போய்க்கொண்டிருந்தது. "நீ ஓட்டுன லட்சணம் போதும், தள்ளு" என்றவர் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து, லீவரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தார். கடக் என்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. சீர்த்தட்டுகள் பின்னால் வந்த ஒரு டெம்போவில் ஏறின. நாங்கள் மண்டபம் போய்ச் சேர்ந்தபோது பந்தி பாதி முடிந்திருந்தது.

மறுநாளே அண்ணனுக்கு வேலை போய்விட்டது. "முரட்டுக் கைடா அவனுக்கு. கியர ஒடைச்சிட்டான்" என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தக் கதை அப்படியே நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது எடுப்பார்கள்: முரட்டுக் கை டிரைவர், பாதியில் நின்ற சீர்.

நான் எஞ்சினியரிங் படித்தவன், சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவன். ஒரு கோளாறு வந்தால் கடைசியாகத் தொட்டவன் மேல் பழி விழுவதைத் தினமும் பார்க்கிறேன். அதனாலோ என்னவோ, அந்த லீவர் ஏன் அங்கே நின்றது என்ற கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பதில் தேடிப் போனால் விழுப்புரம் சாலையோடு அது முடியவில்லை. கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

*

காரின் எஞ்சினுக்கு ஒரு பலவீனம் உண்டு. மெதுவாகச் சுற்றும்போது அதற்குப் பலம் கிடையாது. கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் எஞ்சின் வேகமாகச் சுற்ற, சக்கரம் மெதுவாகச் சுற்றவேண்டும். நடுவில் சிறியதும் பெரியதுமாகப் பல்சக்கரங்களை வைத்து மாற்றி மாற்றிக் கோர்த்தால் அது நடக்கும். பிரான்சின் பனார் லெவாஸோர் கம்பெனி 1891ல் இதற்கு ஒரு வழி செய்தது. தண்டின் மேல் பல்சக்கரத்தையே நகர்த்திக்கொண்டுபோய் இன்னொரு பல்சக்கரத்தோடு முட்டிச் சேர்ப்பது. நுட்பம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடுகிற இரண்டு ரம்பங்களை ஒன்றோடொன்று செருகுவது போல. ஆனாலும் வேலை செய்தது. அடுத்த நாற்பது வருடம் உலகம் அதைத்தான் ஓட்டியது.

அந்தப் பெட்டிக்கு ஓட்டுநர் காது கொடுக்கவேண்டும். இரண்டு பல்சக்கரங்களின் வேகமும் ஒன்றாகும் நொடியில் கோர்த்தால் சத்தமே வராது. தவறினால் கர்ர்ர் என்று பல் அரைபடும். அதற்காக வந்ததுதான் நம் லாரிக்காரர்கள் சொல்லும் 'டபுள் கிளட்ச்'. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவா, கிளட்ச்சை விடு, ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்து உள்தண்டின் வேகத்தைக் கூட்டு, மறுபடி கிளட்ச், இப்போது கீழ் கியர். பழைய லாரி ஓட்டுநர் ஒருவர் மேட்டில் கியர் இறக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரியும், கால் இரண்டும் ஆர்மோனியப் பெட்டிக்காரர் கை போல ஓடும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கர். பற்கள் கோர்ப்பதற்கு முன்னால் கூம்பு வடிவ முகங்கள் இரண்டை உரசவிட்டு, அந்த உராய்விலேயே இரண்டின் வேகத்தையும் சமமாக்கும் யோசனை அவருடையது. பெயர் சின்க்ரோமெஷ். 1928ல் காடிலாக் காரில் வந்தது. டிரைவரின் காது செய்த வேலையைப் பின்னாளில் ஒரு சின்னப் பித்தளை வளையம் எடுத்துக்கொண்டது. இதே தாம்சன்தான் பின்னால் ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கிக் கியரை உருவாக்கிய குழுவையும் நடத்தினார். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் அது வந்தபின் அமெரிக்கர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கியர் மாற்றுவதையே மறக்கத் தொடங்கினார்கள்.

இதற்கு நடுவே, 1938ல், காடிலாக் இன்னொரு காரியம் செய்தது. அதுவரை தரையிலிருந்து முளைத்து நின்ற கியர் லீவரைத் தூக்கி ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் மாட்டியது. காரணம் எந்திரம் சம்பந்தப்பட்டதே இல்லை. முன் சீட்டு ஒரே பெஞ்சு. தரையில் லீவர் இருந்தால் நடுவில் உட்காருபவரின் முழங்காலை இடிக்கும். லீவரை மேலே ஏற்றிவிட்டால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், பார்க்கவும் நவீனமாக இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அமெரிக்காவில் எல்லாரும் அப்படியே செய்தார்கள். ஒரு கொசுறு: 1941ல் ராணுவத்துக்காகச் செய்த வில்லிஸ் எம்ஏ ஜீப்பில்கூட லீவர் ஸ்டியரிங்கில்தான் இருந்தது. அடுத்து வந்த எம்பி மாடலில், உலகப்போருக்குப் போன அந்தப் புகழ்பெற்ற ஜீப்பில், அது தரைக்கே இறங்கிவிட்டது. நம்மூர் மஹிந்திரா ஜீப்பில் லீவர் தரையில் நிற்பது அந்த வழியில்தான்.

*

தரை லீவருக்கும் ஸ்டியரிங் லீவருக்கும் என்ன வித்தியாசம் என்பதில்தான் எங்கள் வீட்டுக் கதையின் முடிச்சு இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

நாலு கியர் பெட்டிக்குள் பொதுவாக மூன்று கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஒன்று முதல், இரண்டாம் கியருக்கு. ஒன்று மூன்று, நாலுக்கு. ஒன்று ரிவர்சுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். நியூட்ரலில் மூன்று பள்ளங்களும் ஒரே வரிசையில் நிற்கும். ஒரு இரும்பு விரல் அந்த வரிசையில் குறுக்காக நகர்ந்து, வேண்டிய கம்பியின் பள்ளத்தில் உட்கார்ந்து, அந்தக் கம்பியை முன்னாலோ பின்னாலோ தள்ளும். கியர் மாற்றுவது என்றால் இவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு கம்பி நகர்ந்தால் பெட்டி சுக்குநூறாகிவிடும் என்பதால், ஒன்று நகரும்போது மற்றவற்றைப் பூட்டிவைக்க நடுவில் சின்னக் குண்டுகளோ பின்களோ இருக்கும்.

பின்சக்கரம் ஓடும் பழைய கார்களில் தரை லீவர் என்றால் லீவரின் கீழ்முனையே அந்த விரல், அல்லது கிட்டத்தட்ட விரல். கை அசைந்தால் விரல் அசையும். ஸ்டியரிங் லீவரில் அப்படி இல்லை. கைப்பிடியின் இரண்டு வகை அசைவுகள் (ஒன்று கம்பியைத் தேர்ந்தெடுக்க, ஒன்று தள்ள) முதலில் ஸ்டியரிங்கை ஒட்டிய தண்டுக்குள் இறங்கவேண்டும். தண்டின் அடியில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள கைகளுக்குப் போகவேண்டும். அங்கிருந்து ராடுகள் வழியாகக் கியர் பெட்டிக்கு. சில வண்டிகளில் ஒரு ராடுக்குப் பதில் கேபிள் இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். ஒவ்வொரு புஷ்ஷும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். எல்லா மில்லிமீட்டரும் கடைசியில் அந்த விரலில் வந்து கூடும்.

இப்போது அந்த வேகத்தடையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி மூன்றாவதில் வருகிறது. டிரைவர் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவருகிறார். கைக்கு நியூட்ரல் வந்துவிட்டது. ஆனால் உள்ளே மூன்று, நாலுக்கான கம்பி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மிச்ச தூரத்தைத் தேய்ந்த புஷ்கள் விழுங்கிவிட்டன. கை குறுக்கே நகர்கிறது. விரலும் நகர்கிறது. வரிசை சரியாக இல்லாததால் அது ஒரு பள்ளத்தில் பாதியும் அடுத்த பள்ளத்தில் பாதியுமாகப் போய்க் கவ்விக்கொள்கிறது. இனி எந்தக் கம்பியை இழுத்தாலும் மற்றது விடாது. மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்று நான் சொன்னது இந்த இடத்தைத்தான். இந்த நிலையில் லீவரைப் பலம்போட்டு இழுத்தால் விரல் இன்னும் இறுக்கமாக ஆப்படித்துக்கொள்ளும், இல்லை ராடு வளையும்.

வெளியே எடுக்கும் வழி அந்தக் கால டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள கையைப் பிடித்து, மெதுவாக நியூட்ரலுக்குத் தள்ளவேண்டும். வரவில்லை என்றால் ஒருவர் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருக்க இன்னொருவர் வண்டியைப் பின்னிருந்து முன்னும் பின்னும் லேசாக ஆட்டுவார். பல்லின் மேல் இருக்கும் பளு விலகும் நொடியில் டொக் என்று வந்துவிடும். மேட்டில் கியரில் போட்டு நிறுத்திய கார் காலையில் கியரை விடாமல் அடம் பிடிப்பதும் அதே பளுவால்தான். ஆட்டினால் சரியாகிவிடும். இது புதுக் காருக்கும் பொருந்தும்.

அண்ணன் அன்றைக்குக் கேட்டது அந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

*

டெட்ராய்டில் மூன்று பேர் உட்காருவதற்காக மேலே ஏறிய லீவர் கெடாருக்கு எப்படி வந்தது? போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அமெரிக்கப் பாணியை எடுத்துக்கொண்டார்கள். 1948ல் வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் எம்ஓ ஸ்டியரிங் கியரோடு வந்தது. பிர்லா குடும்பம் 1942ல் தொடங்கி, 1948ல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு மாற்றிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அதை ஹிந்துஸ்தான் 14 என்ற பெயரில் இங்கே செய்தது. அடுத்த ஆக்ஸ்ஃபோர்ட் இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது. அதற்கு அடுத்ததான மூன்றாம் வரிசை ஆக்ஸ்ஃபோர்ட், 1957ல் அம்பாசிடர் ஆனது. இங்கிலாந்தில் அந்த மாடல் 1959ல் நின்றுவிட்டது. இங்கே அதற்கப்புறம்தான் வாழ்க்கையையே ஆரம்பித்தது.

நடுவில் ஒரு அரசாங்க முடிவு இருக்கிறது. 1953ல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, இங்கேயே உதிரிபாகங்களைப் படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டும் இடம் என்று அரசு சொன்னது. பெட்டியில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுக்கொண்டிருந்தவர்கள் கிளம்பவேண்டியதாயிற்று. 1928லிருந்து பம்பாயில் செவர்லே பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் போனது, ஃபோர்டு போனது. கார் என்று மிஞ்சியவை மூன்று: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், நம்மூர் வண்டலூரில் ஸ்டாண்டர்டு. பிரீமியரின் ஃபியட்டிலும் ஸ்டியரிங் கியர்தான். ஸ்டாண்டர்டு 1961ல் கொண்டுவந்த ஹெரால்டில் லீவர் தரையில் இருந்தது. மெட்ராஸ்காரர்கள் அதை இன்றைக்கும் பாசமாகப் பேசுவார்கள். ஆனால் எங்கள் பக்கம் டாக்ஸி என்றால் அம்பாசிடர்தான்.

லைசென்ஸ் காலம் என்று இதைத் திட்டுவது இப்போது சுலபமாக இருக்கிறது. போட்டி இல்லை, இறக்குமதி இல்லை, காருக்குப் பதிவு செய்து வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள், அதனால் எதையும் மாற்றவேண்டிய அவசியம் கம்பெனிக்கு வரவில்லை. இதெல்லாம் உண்மை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று முன்முகத்தின் கம்பி வலை மாறிக்கொண்டே இருந்தது. உள்ளே முதல் கியருக்கு சின்க்ரோமெஷ்கூட வரவில்லை. 1928ல் அமெரிக்காவில் தொடங்கிய விஷயம் 1984ல் எங்கள் வண்டியின் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது கியர் வரைக்கும்தான் எட்டியிருந்தது.

ஆனால் பெஞ்சு சீட்டு விஷயத்தில் நான் அவ்வளவு சுலபமாகத் திட்டமாட்டேன். காடிலாக் மூன்று பேருக்குச் செய்ததில் கெடார் டாக்ஸியில் டிரைவரோடு நாலு பேர் உட்கார்ந்தார்கள். பின்னால் ஐந்து, மடியில் பிள்ளைகள். முன்னால் ஏறும் அந்தக் கூடுதல் ஆட்களின் காசில்தான் டீசல் செலவு தேறும் என்று பெரியப்பா கணக்குப் போடுவார். தரையில் லீவர் இருந்திருந்தால் அந்தக் கணக்கு உதைத்திருக்கும். பஸ் வராத ஊர்களுக்குப் பிரசவத்துக்கும் பிணத்துக்கும் போன வண்டி அது. அதன் லீவர் மேலே இருந்ததில் எங்களுக்கும் ஒரு லாபம் இருந்தது.

அதற்கான விலையை டிரைவர் கொடுத்தார். கதவோடு ஒட்டி, பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே தொங்க, தோளை மடக்கி இடது கையால் கியர் மாற்றவேண்டும். லீவரைச் சரியான தளத்தில் தூக்கி நகர்த்தக் கைக்கு இடம் இருக்காது. சாய்வாகத்தான் இழுக்க வரும். சாய்வாக இழுத்தால் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். கம்பெனி போட்ட கணக்கில் இந்த உட்காரும் விதம் இருந்திருக்க முடியாது.

*

அந்த முகூர்த்தம் முடிந்த மறுநாள், விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் ஒருவர் டிவிஎஸ் 50ல் ஒரு சாக்குப் பையோடு வந்தார். நான் பள்ளிக்கூடம் போகாமல் சைக்கிளில் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் செய்ததை அன்றைக்கு வேடிக்கையாகப் பார்த்தேன். என்ன செய்தார் என்பது புரியப் பதினைந்து வருஷம் ஆனது.

முதலில் எஞ்சினை அணைத்த நிலையிலேயே லீவரை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் அடம் பிடித்து, அணைத்தால் லேசாக வந்தால், கோளாறு கிளட்ச்சில். மிதித்தும் முழுசாக விலகாமல் எஞ்சின் தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். இங்கே அணைத்தும் வரவில்லை. கிளட்ச் கழிந்தது. அப்புறம் கீழே படுத்து, கியர் பெட்டிக்குப் போகும் ராடின் பின்னை மட்டும் கழற்றினார். ராடைத் தொங்கவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கையை நேராகவே பிடித்து அசைத்தார். கொஞ்சம் முரண்டு பிடித்து, டொக் என்று நியூட்ரலில் விழுந்தது. முன்னால் தள்ளினார், விழுந்தது. பின்னால் இழுத்தார், விழுந்தது.

"பாக்ஸ் கல்லு மாதிரி இருக்குது. கோளாறு வெளியிலதான்" என்றார்.

நாங்கள் வேலையில் இதையே செய்கிறோம். ஆயிரம் மாற்றங்களில் எது கெடுத்தது என்று தெரியாவிட்டால் நடுவில் வெட்டிப் பார்ப்போம்: பிழை இந்தப் பாதியிலா, அந்தப் பாதியிலா? அவர் ஒரு பின்னைக் கழற்றி வண்டியை அப்படி இரண்டாக வெட்டினார். பின்னே தவறு வெளியே இல்லாமல் உள்ளே இருந்திருந்தால், அதாவது வளைந்த ஃபோர்க், உடைந்த ஸ்பிரிங், இடம் மாறிய பூட்டுக் குண்டு, பல் போன சக்கரம் என்று ஏதாவது என்றால், பெட்டியை இறக்கவேண்டும். அது இரண்டு நாள் வேலை, ஒரு மாச வருமானம். கழற்றிய அந்த ஒரு பின் பெரியப்பாவுக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று அவர் யோசித்தாரா தெரியவில்லை.

ராடின் முனையில் இருந்ததை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். புஷ் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு துண்டு ரப்பர். சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியது. யாரோ அவசரத்துக்கு வைத்தது நிரந்தரமாகிவிட்டது. பெரியப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் இழுத்த இழுப்பில் ராடு வளைந்திருந்தது. மெக்கானிக் அதைக் கல்லின் மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பையிலிருந்து புது புஷ்கள் எடுத்துப் போட்டு, கிரீஸ் வைத்து, லீவர் நியூட்ரலில் நிற்கும்போது பெட்டியும் சரியாக நியூட்ரலில் நிற்கும்படி ராடின் நீளத்தைத் திருகிச் சரிசெய்தார். மொத்தம் ஒரு மணி நேரம். புஷ்ஷின் விலை இரண்டு மூன்று டீ காசு.

அந்தப் பையில் புஷ் தயாராக இருந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. முப்பது வருஷம் மாறாத வண்டி என்பதால் அறுபதுகளின் பாகம் எண்பதுகளின் வண்டியில் பொருந்தும். சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும், எதுவும் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து தருவார்கள். வண்டி உறைந்து நின்றதால்தான் அதைச் சுற்றி இவ்வளவு கைகளுக்கு அறிவு சேர்ந்தது. எதிர் உதாரணம் நம்மிடமே இருக்கிறது. அதே ஸ்டாண்டர்டு கம்பெனி 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்து மூன்றே வருஷத்தில் நிறுத்திக்கொண்டது. அப்படிப்பட்ட வண்டியைக் கற்றுக்கொள்ள எந்த ஊர் மெக்கானிக்குக்கு அவகாசம் கிடைத்திருக்கும்?

டேவிட் எட்ஜர்டன் என்ற ஆங்கில வரலாற்றாளர் 2006ல் 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தொழில்நுட்ப வரலாறு என்று நாம் எழுதுவதெல்லாம் கண்டுபிடிப்புகளின் வரலாறு. பொருள்கள் பயன்பட்ட, பழுதுபார்க்கப்பட்ட வரலாற்றை எழுதினால் காலவரிசையே வேறு மாதிரி இருக்கும் என்பது அவர் வாதம். சின்க்ரோமெஷ்ஷுக்கு 1928 என்று தேதி போடலாம், தாம்சன் என்று பேர் போடலாம். தேய்ந்த புஷ்ஷால் விரல் கவ்விக்கொள்கிறது, பின்னைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதை நம் பக்கத்தில் முதலில் கண்டுபிடித்தவருக்குத் தேதியும் இல்லை, பேரும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததாக அது இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அறிவுக்கு முடிவு கட்டியது 1983 டிசம்பர் 14 என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியைக் கொடுத்த நாள். தரையில் லீவர், நாலு கியருக்கும் சின்க்ரோமெஷ், முன்னால் இரண்டு தனித்தனி சீட்டு. அம்பாசிடர் ஓட்டியவர்கள் மாருதியில் ஏறினால் முதல் வாரம் இடது கை தானாக ஸ்டியரிங் பக்கம் தேடும் என்று எங்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். அம்பாசிடரே தொண்ணூறுகளில் இசுசு எஞ்சினோடு ஐந்து கியர் தரை லீவருக்கு மாறத் தொடங்கியது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. பெரியப்பாவின் வண்டி அதற்கு முன்பே எடைக்குப் போய்விட்டது.

*

அண்ணனைப் போன வருஷம் கெடார் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. எங்களிடமிருந்து போனபின் டிராக்டர் ஓட்டினார், கொஞ்ச நாள் கரும்பு லாரி, இப்போது மகனின் ஷேர் ஆட்டோவை மாலையில் மட்டும் ஓட்டுகிறார். பெரியப்பா இறந்த துக்கத்துக்கு வந்திருந்ததாகச் சொன்னார். நான்தான் அன்று ஊரில் இல்லை.

பேச்சு எங்கெங்கோ போய் அந்த ராத்திரியில் வந்து நின்றது. மெக்கானிக் வந்ததையும் சைக்கிள் ட்யூபையும் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"அந்த ட்யூபு வெச்சதே நான்தான் தம்பி. புஷ்ஷு போய்ட்டுது, வாங்கிக் குடுங்கன்னு பெரியப்பாகிட்ட ரெண்டு வாரமா சொன்னேன். இந்தத் தையி போவட்டும், முகூர்த்த நேரத்துல வண்டிய நிறுத்தாதன்னாரு. அப்பால என்ன பண்றது, ட்யூப வெட்டி வெச்சி ஓட்டினேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே, எல்லார் எதுருலயும்."

"தாய்மாமன் உக்காந்திருக்காரு. அவுரு எதுருல மொதலாளிய எப்புடி சொல்றது?"

கொஞ்ச நேரம் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கார் வைத்திருக்கிறேனா என்று கேட்டார். வைத்திருக்கிறேன், ரிவர்ஸ் மட்டும் சில சமயம் கர்ர் என்று அரைக்கிறது என்றேன். கண்ணாடித் தம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு இடது கையைக் காற்றில் நீட்டினார். கை ஸ்டியரிங் பக்கம் போய், அப்புறம் நினைத்துக்கொண்டு தரைப் பக்கம் இறங்கியது.

"நின்ன வண்டியில நேரா ரிவர்சுக்குப் போவாத. கிளட்ச்ச மிதிச்ச மேனிக்கு மொதல்ல செகண்ட ஒரு தொடு தொடு. உள்ள சுத்தறது நின்னுடும். அப்பால ரிவர்ஸ் போடு, சத்தமே வராது. அம்பாசிடர்ல ஃபஸ்ட்டுக்கு அப்புடித்தான் போடுவோம்."

அன்று சாயங்காலமே போட்டுப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.